மெர்சி என்ற கோப்பு

தூது நிலையம் 3, சிறுகோள் பட்டை
எழுதுபவர்: கோமதிநாயகம், மென்பொருள் பராமரிப்பு

நாள் 729, சனி, 16:20

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடமாக, ஞாயிறு தவறாமல், இன்னொருவருடைய மனைவிக்கு நான் காதல் கடிதம் எழுதி வருகிறேன். கணவர் பக்கத்திலேயே உட்கார்ந்து கடலைமிட்டாய் கடித்துக்கொண்டிருப்பார்.

அவர் பெயர் டேவிட் ஜெபமணி. நாசரேத்துக்காரர். நிலையத்தின் இயந்திர வேலை முழுக்க அவர் கையில். நானும் அவருமாக இங்கே மொத்தம் இரண்டு பேர். ஒரு நாளைக்கு நாற்பது வார்த்தை பேசுவார். அதில் பத்து, "சரி அண்ணாச்சி". மீதிப் பேச்சை நான் பார்த்துக்கொள்கிறேன்.

வந்த புதிதில், ஒன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை பூராவும் உட்கார்ந்து மனைவி மெர்சிக்கு நாலு வரி எழுதினார். தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, இது என்ன அஞ்சலட்டையா என்று சிரித்தேன். முழுதாகக்கூடப் படிக்கவில்லை. அவர் கோப்பை அழித்துவிட்டு நாற்காலியை என் பக்கம் தள்ளினார். அன்று பிடித்த வேலை. இதுவரை நூற்றுமூன்று கடிதம்.

அதற்கென்றே "கடிதம்" என்று ஒரு நிரல் எழுதி வைத்திருக்கிறேன், C மொழியில். இங்குள்ள கணினி பழசு. கதிர்வீச்சைத் தாங்கும் என்று பழசைத்தான் அனுப்புவார்கள். என்னை அனுப்பியதும் அதே காரணத்துக்காகத்தான் என்பது என் மனைவி செண்பகத்தின் கருத்து.

இன்றைய நிலவரம். காற்று சரி. நீர் சரி. பெரிய அன்டெனா பதினோராவது நாளாக ஒரே திசையில் சிக்கி நிற்கிறது. சின்ன அன்டெனா வழியே நாளுக்கு ஐந்நூறு எழுத்துதான் போகும். காலை 06:00 கோப்புப் பட்டியல் வழக்கம்போலத் தானாகத் தரைநிலையத்துக்குப் போனது. அதை யாரும் படிப்பதில்லை. கீழே ஷிப்டில் இருக்கும் ஷாகுல் மட்டும் படிப்பதாகச் சொல்கிறார். பாவம், வீட்டில் என்ன பிரச்சினையோ.

நாளை டேவிட் வெளியே போய் அன்டெனாவை விடுவிப்பார்.

நாள் 730, ஞாயிறு, 14:40

09:15. டேவிட் வெளியே போனார்.

10:02. சிக்கியிருந்த அன்டெனாக் கை சட்டென்று திரும்பியது. அவரைத் தட்டியது. கொக்கி வளைந்து கயிறு கழன்றது.

நிலையத்துக்குள் சுழலும் அறையில்தான் ஈர்ப்பு உண்டு. நிலையம் நிற்கும் இந்தச் சிறுகோள் பாறைக்குக் கிடையாது. துள்ளியவர் துள்ளியவர்தான். நடக்கிற வேகத்தில் விலகிப் போனார், முகம் நிலையத்தைப் பார்த்தபடி. துரத்த வண்டி இல்லை. இங்கே இருப்பது இரண்டு விண்வெளி உடை, இருநூறு மீட்டர் கயிறு. நான் உடை மாட்டி முடிப்பதற்குள் அவர் ஆயிரத்தைத் தாண்டிவிட்டார்.

ரேடியோப் பேச்சு, 10:26 முதல்:

ஜெபமணி: "அண்ணாச்சி, உடுப்பைக் கழத்துங்க. வராதீங்க."

நான்: "சும்மா கிட. நான் வாரேன்."

ஜெபமணி: "வந்தா ரெண்டு பேருமாப் போவோம். அடுப்புல பருப்பு கிடக்கு, யாரு இறக்குவா?"

நான்: "ஏ தம்பி…"

ஜெபமணி: "பாறை சுத்திரும்லா. எவ்வளவு நேரம் நான் உங்களுக்குத் தெரிவேன்?"

நான்: "நாப்பது நிமிசம். அப்புறம் அடிவானத்துக்குக் கீழ போயிருவே."

ஜெபமணி: "போதும். மெர்சிக்கு ரெண்டு வார்த்தை சொல்லணும். எப்பவும் எழுதுவோம்லா, அந்த ஃபைல்லயே விழட்டும்."

நான்: "விழும். உன் உடுப்பே அதைத் திறந்துக்கிடும். நீ பேசு, எழுத்தாயிரும்."

ஜெபமணி: "நீங்க கேக்கப்படாது. ரேடியோவை அணைங்க."

நான்: "அணைக்கேன்."

ஜெபமணி: "சத்தியமா?"

நான்: "செண்பகம் மேல சத்தியமா."

ஜெபமணி: "அது செல்லாது. அவுங்களுக்குப் பயந்துதான இங்க வந்திய."

அணைத்தேன். கல்லூரியில் வேலை பார்த்த காலத்தில், ஆசிரியர் அறையில் மூன்று மேசை தள்ளி நடக்கும் குசுகுசுவுக்கு என் மேசையிலிருந்தே பதில் சொன்னவன் நான். ஊரில் எனக்கு "ஒட்டுக்காது" என்றே பெயர். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பேச்சை ஒட்டுக் கேட்காமல் இருந்தேன்.

10:31. உடைக்கும் நிலையக் கணினிக்கும் இடையிலான இணைப்பு விளக்கு பச்சை.

11:12. சிவப்பு. நாற்பத்தோரு நிமிடம்.

13:50. பாறை சுற்றித் திரும்பியது. கூப்பிட்டேன். கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். உடை ரேடியோவுக்கு எட்டாத தூரம்.

பருப்பை இறக்கிவிட்டேன். அடிப்பிடித்துவிட்டது.

நாள் 731, திங்கள், 09:40

இதை எப்படி எழுதுவது. எழுதிவிடுகிறேன்.

அவர் பேசியது "மெர்சி" என்ற கோப்பில் இருக்கிறது. படிக்கக் கூடாது. படிப்பதும் ஒட்டுக் கேட்பதும் ஒன்றுதான். ஆனால் மெர்சி கையில் போய்ச் சேரும்போது இது வழக்கமான கடிதம் இல்லை என்று தெரிய வேண்டாமா? அடியில் ஒரே ஒரு வரி சேர்க்க நினைத்தேன்: "இது டேவிட்டே சொன்னது. நான் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை."

பத்தொன்பது வருடம் பாளையங்கோட்டையில் இந்தப் பாடத்தை நடத்தியவன் நான். கோப்பைத் திறப்பது குழாயைத் திருகுவது மாதிரி என்பேன். fopen என்று எழுதி, கோப்பின் பெயரையும் ஓர் எழுத்தையும் கொடுக்க வேண்டும். "r" கொடுத்தால் படிக்கலாம். "a" கொடுத்தால் இருப்பதற்கு அடியில் சேர்க்கலாம். "w" கொடுத்தாலும் எழுதலாம். ஆனால் அது முதலில் உள்ளே இருப்பதையெல்லாம் துடைத்துவிடும். கேட்காது. எச்சரிக்காது. நன்றாகப் படிக்கும் பையனே பரீட்சைக் கோப்பை "w"-வில் திறந்து வெறும் திரையைப் பார்த்து விழிப்பான். "வீட்டுக்கு வெள்ளை அடிக்கச் சொன்னா, வீட்டையே இடிச்சுட்டியே ராசா" என்பேன். வகுப்பே சிரிக்கும்.

என் "கடிதம்" நிரல் ஒவ்வொரு ஞாயிறும் "மெர்சி" கோப்பை "w"-வில்தான் திறக்கும். வாராவாரம் புதுக் கடிதம்தானே, பழசு எதற்கு.

09:10-க்கு உட்கார்ந்தேன். யோசித்துக்கொண்டிருந்தேன். விரல் நூற்றுமூன்று வாரப் பழக்கத்தில் அதுவாகவே அடித்தது:

கடிதம் மெர்சி

வெள்ளைத் திரை. மேல் ஓரத்தில் கர்சர் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

பட்டியலைப் பார்த்தேன். மெர்சி: 0 பைட்.

நாள் 732, செவ்வாய், 10:15

நேற்று அதன்பிறகு நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. இன்று யோசிக்க முடிகிறது.

"w" துடைத்துவிடும் என்று சொன்னேன். முழு உண்மை அது இல்லை. வீட்டு வாசலில் இருக்கும் பெயர்ப்பலகையை மட்டும் அது கழற்றும். உள்ளே இருப்பவர்கள் அப்படியே இருப்பார்கள், புதிதாக ஒருவர் குடிவரும் வரை. கணினி எல்லாவற்றையும் சேமிக்கும் வட்டு முழுக்கச் சின்னச் சின்னத் துண்டுகள், ஒவ்வொன்றுக்கும் எண். டேவிட்டின் சொற்கள் ஏதோ ஓர் எண்ணில் பலகை இல்லாமல் உட்கார்ந்திருக்கின்றன. வட்டில் புதிதாக யார் எதை எழுதினாலும் அது அவர் தலைமேல் போய் உட்காரலாம்.

இந்த நிலையத்தில் வட்டில் எழுதுவது யார்? நான். எதை? இந்த நாட்குறிப்பை. நேற்றைய குறிப்பே எத்தனை சொற்களைத் தின்றிருக்குமோ. வாயாடிக்கு வாழ்க்கை நன்றாகவே வைத்தது ஆப்பு.

எனவே இன்று முதல் இந்தக் குறிப்பு வட்டுக்குப் போகாது. பஃபரில் நிற்கும். புரியாதவர்களுக்கு: பாளை மார்க்கெட் முன்னால் நிற்கும் ஷேர் ஆட்டோ. நாம் எழுதும் சொல் நேராக வட்டுக்கு ஓடாது. ஆட்டோவில் ஏறி உட்காரும். ஆட்டோ நிரம்பினால் கிளம்பும். நிரம்பாவிட்டாலும், "எடுப்பா" என்று ஒருவர் குரல் கொடுத்தால் கிளம்பும். கோப்பை ஒழுங்காக மூடினாலும் கிளம்பும். இதில் எதுவும் நடக்காமல் மின்சாரம் போனால் ஆட்டோவும் இல்லை, ஆளும் இல்லை.

என் ஆட்டோ பெரியது, 65,536 பைட். நிரம்பக் கூடாது. ஆகவே சுருக்கமாக எழுத வேண்டும். நான். சுருக்கமாக.

13:30. மெர்சியிடமிருந்து:

"அண்ணாச்சி, தரைநிலையத்துல இருந்து வந்து சொன்னாவ. அழுது முடிச்சாச்சு, இன்னும் இருக்கு. அவிய என்கிட்ட ஏதோ பேசுனாவளாமே. நாப்பது நிமிசமாம். வீட்டுல இருக்கும்போது நாப்பது நாள்லகூட அவ்வளவு பேச மாட்டாவ. அது எனக்கு வேணும். பெரிய அன்டெனா சரியாகட்டும், காத்திருக்கேன். இப்ப ஒரே ஒரு வரி மட்டும் அனுப்புங்க."

பதில் அனுப்பினேன்: "அன்டெனா வேலை நடக்கு தங்கச்சி."

பொய்.

நாள் 736, சனி, 17:00

வட்டை "r"-இல் மட்டும் திறந்து, துண்டு துண்டாகப் படிக்கும் நிரல் ஒன்று எழுதினேன். அதைக்கூட வட்டில் வைக்கவில்லை. "மெர்சி" என்ற சொல் வரும் துண்டையெல்லாம், இந்த நாட்குறிப்பை மட்டும் விட்டுவிட்டு, அது எடுத்துக் காட்டும்.

நானூற்றுப் பன்னிரண்டு துண்டு வந்தது.

இதுவரை பார்த்தது அத்தனையும் நான். இரண்டு வருடம் வாராவாரம் "w" துடைத்துப் போட்ட என் பழைய கடிதங்கள், அரையும் காலுமாக. உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படிக்கிறேன். "என் மெர்சி, இங்கே சூரியன் ஒரு கடுகு. உன் மூக்குத்தி அதைவிட வெளிச்சம்." டேவிட் அந்த வரிக்குக் கடலைமிட்டாயைக் கீழே வைத்துவிட்டு, "அவ மூக்குத்தி போடுறதில்லண்ணாச்சி" என்றார். பரவாயில்லை, போட்டுக்கொள்ளட்டும் என்றேன். போட்டுக்கொண்டாள். அடுத்த மாதப் படத்தில் இருந்தது.

செண்பகம் எனக்கு வாரம் ஒரு வரி அனுப்புவாள்: "மாத்திரை போட்டீங்களா." நானும் ஒரு வரி: "போட்டாச்சு." சும்மா இருக்க முடியாமல், வட்டு முழுக்கச் "செண்பகம்" என்றும் தேடிப் பார்த்தேன்.

பூஜ்யம்.

இன்று மெர்சிக்கு உண்மையை அனுப்பினேன்: "தங்கச்சி, அன்டெனா காரணமில்ல. அவன் பேசுனதை நான் அழிச்சிட்டேன். கை தவறி. தேடுதேன். மன்னிக்கச் சொல்லல."

நாள் 738, திங்கள், 11:20

மெர்சியிடமிருந்து பதில் இல்லை.

டேவிட் குளித்துவிட்டுப் போட்ட துண்டு இன்னும் கொடியில் கிடக்கிறது. எடுக்க வேண்டும். நாளை.

நாள் 739, செவ்வாய், 12:45

கிடைத்துவிட்டது.

முந்நூற்று எண்பதாவதாகப் பார்த்த துண்டு. என் நடை இல்லை. சூரியன் இல்லை, கடுகு இல்லை, மூக்குத்தி இல்லை. நாலு வரி:

"மெர்சி நல்லா இருக்கியா நான் நல்லா இருக்கேன்
இங்க சத்தமே இல்ல, பயமும் இல்ல
மோட்டர் சுவிட்ச்சை ஈரக்கையோட தொடாத
உன்னை நினைச்சுக்கிட்டேதான் இருக்கேன் எழுதத்தான் வரல"

அத்துடன் முடிகிறது. உயிர் போகிற நேரத்தில், "நான் நல்லா இருக்கேன்" என்று சொல்லியிருக்கிறார். ஈரக்கையைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறார். சத்தியம் போயிற்று, படித்துவிட்டேன். நீ மேலே இருந்து திட்டு தம்பி, நாற்பது வார்த்தையும் எனக்கே செலவு பண்ணு.

துண்டின் எண் 212. இவ்வளவு முன்னாலா என்று ஒரு நொடி தோன்றியது. காலி இடம் எங்கே கிடந்தாலும் புது எழுத்து அங்கே போய் உட்காரும். எண்ணை வைத்து எதையும் சொல்ல முடியாது.

12:40-க்கு அனுப்பிவிட்டேன்.

நாள் 740, புதன், 15:10

மெர்சி:

"அண்ணாச்சி, உங்க மேல ரெண்டு நாளு கோவமாத்தான் இருந்தேன். இப்ப இல்ல. இது அவியதான். அச்சு அசலா அவியதான். இத்தனை நாளு வந்த லெட்டரெல்லாம் நீங்க எழுதுனதுன்னு எனக்குத் தெரியும். பதினேழு வருசம் குடும்பம் நடத்துனவளுக்குத் தெரியாதா? கடுகாம், மூக்குத்தியாம். அவிய என் காதைத்தான் பாத்திருக்காவளா, மூக்கைத்தான் பாத்திருக்காவளா. நீங்க எழுதுனது நல்லாத்தான் இருந்துச்சு, தெருவே உக்காந்து கேட்டுச்சு. ஆனா அண்ணாச்சி, ரெண்டு வருசமா நான் காத்துக் கிடந்தது இந்த மோட்டர் சுவிட்ச்சுக்குத்தான்."

இதைப் பதினோரு தடவை படித்தேன்.

என் எழுத்துக்குக் கிடைத்த ஒரே நேர்மையான விமர்சனம்.

நாள் 745, திங்கள், 10:30

மெர்சி:

"நேத்து கோயில்ல அந்த நாலு வரியையும் பாதிரி ஐயர் வாசிச்சாவ. மோட்டர் சுவிட்ச்னதும் பின்னால யாரோ சிரிச்சிட்டாவ, அப்புறம் எல்லாரும் அழுதாவ. அடக்கம் பண்ண உடம்பு இல்ல, கல்லு மட்டும் வைக்கப் போறோம். 'கடைசி வார்த்தை'ன்னு மேல போட்டு அந்த நாலு வரியையும் வெட்டச் சொல்லியாச்சு. உங்களுக்கு நன்றி சொல்லணும் அண்ணாச்சி. நீங்க மட்டும் தேடாம விட்டிருந்தா எனக்கு ஒண்ணுமே இல்ல."

கொடியில் கிடந்த துண்டை மடித்து வைத்தேன்.

செண்பகத்துக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். "செண்பகம், நல்லா இருக்கியா" என்பதற்கு மேல் வரவில்லை. அதையே அனுப்பினேன்.

நாள் 746, செவ்வாய், 09:05

செண்பகம்: "என்ன ஆச்சு உங்களுக்கு. மாத்திரை போட்டீங்களா."

நாள் 752, திங்கள், 14:00

தரைநிலையத்திலிருந்து:

"சார், ஷாகுல் பேசுறேன். உங்களுக்கு ஒரு நல்ல சேதி. விசாரணைக்காகப் பழைய ஆறு மணிப் பட்டியலையெல்லாம் எடுத்தேன். நான் அதைப் படிப்பேன்னு சொன்னா நம்ப மாட்டீங்களே. நீங்க 731-ஆம் நாள் ஒன்பது பத்துக்குத்தான் அந்த ஃபைலைத் திறந்திருக்கீங்க. ஆனா அன்னைக்குக் காலை ஆறு மணிக்கே அது ஜீரோ சார்! நீங்க எதையும் அழிக்கல. உங்க மேல தப்பே இல்ல. நிம்மதியாச் சாப்பிட்டுத் தூங்குங்க."

நல்ல பிள்ளை. அவருக்கு நன்றி என்று அனுப்பினேன்.

நாள் 752, 14:50

அன்று உடையின் கணினியும் என் "கடிதம்" நிரலைக் கொண்டுதான் கோப்பைத் திறந்தது. "w". முந்தின ஞாயிறு எழுதிய என் கடிதம் போயிற்று, கோப்பு பூஜ்யமாயிற்று. அதுவரை சரி. பிறகு அவர் பேசினார். சொற்கள் உடைக்குள் இருக்கும் பஃபரில் ஏறி உட்கார்ந்தன. நிரம்பினால் இங்கே வரும்.

உடையின் பஃபர் 4,096 பைட். தமிழில் ஓர் எழுத்துக்குறிக்கு மூன்று பைட். கணக்குப் போட்டால் நூற்றைம்பது, நூற்றறுபது வார்த்தை.

நாற்பத்தோரு நிமிடத்தில் அந்த மனிதர் நூற்றைம்பது வார்த்தை பேசவில்லை.

நானாக இருந்தால் நாலாவது நிமிடத்தில் நிரம்பி வழிந்திருக்கும். பாறை திரும்பியது, இணைப்பு அறுந்தது, கோப்பை யாரும் மூடவில்லை. "எடுப்பா" என்று நான் இங்கிருந்தே குரல் கொடுத்திருக்கலாம். ஒரே ஒரு கட்டளை. ரேடியோவை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். நல்லவனாக.

ஆட்டோ கிளம்பவே இல்லை. அவர் சொன்ன ரெண்டு வார்த்தையும் அவரோடேயே போய்க்கொண்டிருக்கிறது, நடக்கிற வேகத்தில்.

நாள் 752, 15:30

அப்படியானால் நான் மெர்சிக்கு அனுப்பியது

நாள் 752, 16:20

மெர்சியிடம் சொல்ல வேண்டுமா. தினம் ஐந்நூறு எழுத்துக்கு அனுமதி இருக்கிறது. மூன்று தடவை தொடங்கினேன். கல் வெட்டியாகியிருக்கும். எழுத்து அவருடையதுதான். அதில் பொய் இல்லை. அஞ்சலட்டையா என்று நான் சிரிக்காமல் இருந்திருந்தால் இரண்டு வருடம் முன்பே அவள் கைக்குப் போயிருக்கும். அதற்குப் பின் ஒவ்வொரு ஞாயிறும் நாலு வரி. ஐந்தாவது வரிகூட

இனி வட்டில் காப்பாற்ற ஒன்றுமில்லை. இந்தக் கோப்பை மூடுகிறேன். மூடினால் கிளம்பிவிடும். இதைக் கண்டெடுப்பவர் "r"-இல் திறக்கவும். மெர்சிக்குச் சொல்வதா என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள், எனக்குத் தைரியம் இல்லை.

மூடுவதற்கு முன் துண்டு 211-ஐப் பார்த்தேன், 212-க்கு முந்தையது. சமையலறை இருப்புப் பட்டியல். ரவை 6 கிலோ, பருப்பு 9 கிலோ, கடலைமிட்டாய் 40 டப்பா. தேதி: நாள் 9, ஞாயிறு.